ஹார்வர்ட், எம்ஐடி போன்ற அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்களில் சேர்க்கை: கொங்குப் பகுதிப் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்த கையோடு அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டப்படிப்புக்குப் போக நினைக்கும் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கான பக்கம் இது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு எம்.எஸ். போவது வேறு வழி, அதன் விதிகளும் வேறு. இங்கே எம்ஐடி என்று வரும் இடமெல்லாம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருப்பதைக் குறிக்கும், குரோம்பேட்டையில் இருப்பதை அல்ல.

பையன் பிளஸ் டூவில் 590 எடுத்துருவானுங்க. இடம் கிடைச்சிருமா?

அந்த 590 வருவதற்கு முன்பே முடிவு வந்துவிடும். விண்ணப்பத்தின் கடைசி நாள் நவம்பர் 1 அல்லது ஜனவரி முதல் வாரம். பொதுத்தேர்வு மார்ச்சில் நடக்கிறது, ரிசல்ட் மே மாதம் வருகிறது. பல்கலைக்கழகமோ மார்ச் கடைசிக்குள் முடிவைச் சொல்லிவிடுகிறது. ஆகவே அவர்கள் பார்ப்பது 9, 10, 11-ஆம் வகுப்பு மார்க்கையும், பிளஸ் டூ காலாண்டு, அரையாண்டு மார்க்கையும்தான். 2025-26 முதல் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. அதனால் பள்ளி தானே நடத்திப் பதிந்து வைத்திருக்கும் மார்க்தான் போகும். பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு நேரே பிளஸ் டூ நடத்துகிற பள்ளிகளில் இந்த இடத்தில்தான் சிக்கல் வரும்.

2023-இல் ஹார்வர்டுக்கு 56,937 பேர் விண்ணப்பித்தார்கள், 1,942 பேருக்கு இடம் கிடைத்தது. விண்ணப்பித்தவர்களில் ஏராளமானோர் வகுப்பில் முதல் மார்க் வாங்கியவர்கள். கட்-ஆஃப் கிடையாது, ரேங்க் லிஸ்ட் கிடையாது, கவுன்சலிங் கிடையாது. நல்ல மார்க் இருந்தால் விண்ணப்பத்தை மேற்கொண்டு படிப்பார்கள், அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர்கள் தேடுவது ஒன்றை: தன் ஊரில், தன் பள்ளியில், தன் வீட்டில் கைக்கு எட்டியதை வைத்து இந்தப் பிள்ளை என்ன செய்தது?

எப்போது ஆரம்பிக்கணுங்க?

பிளஸ் ஒன் தொடக்கத்தில் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். பிளஸ் ஒன் முடிகிற கோடையில், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் முதல் முயற்சி, தேவைப்பட்டால் ஆகஸ்டிலோ அக்டோபரிலோ இரண்டாவது. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்கும் பொது விண்ணப்பமான காமன் ஆப் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். எம்ஐடி தன் சொந்தத் தளத்தில்தான் விண்ணப்பம் வாங்கும். செப்டம்பரில் ஆசிரியர்களிடம் கடிதம் கேட்க வேண்டும். வருமானக் காகிதங்களை அக்டோபருக்குள் திரட்டிவிட வேண்டும்.

சொதப்புவது டிசம்பரில்தான். அரையாண்டுத் தேர்வு, ஜனவரி ஜேஇஇக்கான படிப்பு, ஏழெட்டுக் கல்லூரிகளின் கட்டுரைகள் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து விழும். கட்டுரைகளின் முதல் வரைவைத் தீபாவளி விடுமுறைக்குள் முடித்தவர்களுக்குத்தான் டிசம்பரில் மூச்சுவிட நேரம் இருக்கும்.

முன்கூட்டிய விண்ணப்பம் இரண்டு வகை. கொலம்பியா, கார்னெல், பென்சில்வேனியா, பிரவுன், டார்ட்மவுத் ஆகியவற்றில் இடம் கிடைத்தால் போய்த்தான் ஆகவேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு விண்ணப்பிக்கலாம். தரும் உதவித்தொகை போதவில்லை என்றால் மட்டும் விலகிக்கொள்ளலாம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டில் அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் அதே சமயம் வேறு தனியார் கல்லூரிக்கு முன்கூட்டி விண்ணப்பிப்பதைக் கட்டுப்படுத்துவார்கள்.

எஸ்ஏடி எழுதியே ஆகணுமா?

ஹார்வர்ட், எம்ஐடி, பிரவுன், கால்டெக் கட்டாயமாகக் கேட்கின்றன (எஸ்ஏடிக்குப் பதில் ஏசிடி என்ற தேர்வும் செல்லும்). யேல் எஸ்ஏடி, ஏசிடி, ஏபி (கல்லூரி அளவிலான பாடத் தேர்வு), ஐபி (ஒரு சர்வதேசப் பாடத்திட்டம்) நான்கில் ஏதாவது ஒன்றைக் கேட்கிறது. கட்டாயமில்லாத கல்லூரிக்கும், நம் ஊர்ப் பள்ளிகளைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாத நிலையில், மதிப்பெண் அனுப்புவதே நல்லது.

தேர்வு இப்போது கணினியில்தான், மொத்தம் 2 மணி 14 நிமிடம். ஆங்கிலம் 64 நிமிடத்தில் 54 கேள்வி, கணிதம் 70 நிமிடத்தில் 44 கேள்வி, மொத்த மதிப்பெண் 1600. தவறான விடைக்கு மைனஸ் இல்லை, ஆகவே ஒன்றையும் விடாமல் குறியுங்கள். ஒவ்வொரு பாடமும் இரண்டு பாகம். முதல் பாகத்தில் செய்வதைப் பொறுத்து இரண்டாம் பாகம் கடினமாகவோ எளிதாகவோ வரும், எளிதான பாகம் வந்தால் உயர்ந்த மதிப்பெண்ணுக்கு வழியில்லை. முதல் பாகத்தில் அவசரப்பட்டுக் கோட்டைவிடக் கூடாது என்பது இதனால்தான்.

நம் பிள்ளைகளுக்குக் கணிதம் 750ஐத் தாண்டிவிடும், ஆங்கிலம் 600 பக்கத்தில் நின்றுவிடும். பத்திகள் 25 முதல் 150 வார்த்தைக்குள்தான், ஆனால் எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று கேட்பார்கள். நோட்ஸை மனப்பாடம் செய்த பழக்கம் அங்கே உதவாது. ஆறு மாதம் தினமும் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் அறிவியல், வரலாற்றுக் கட்டுரைகள் படிப்பதற்கு ஈடான கோச்சிங் கிடையாது. முழு மாதிரித் தேர்வுகள் தேர்வு நடத்துபவர்களின் புளூபுக் செயலியிலேயே இலவசம், பாடங்கள் கான் அகாடமியில் இலவசம். மேலே சொன்ன கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் 1500க்கு மேல். கட்டணம் ஏறத்தாழ 110 டாலர். கோவையில் இடம் நிரம்பிவிட்டால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டிவரும், மூன்று மாதம் முன்பே பதிந்துவிடுங்கள்.

நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் படிக்கிறாள். அங்கிருந்தே விண்ணப்பிக்க முடியுமா?

முடியும், ஆனால் பள்ளியோடு முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். விடிகாலை ஸ்டடி முதல் இரவு ஸ்டடி வரை, செல்போன் இல்லை, மாதம் ஒரு அவுட்டிங் என்ற ஒழுங்கில் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை வாரம் நாலு மணி நேரமாவது கணினியும் இணையமும் வேண்டும். தாளாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால், பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருடம் இடைவெளி விட்டு விண்ணப்பிப்பது நல்ல வழி. அப்போது பொதுத்தேர்வு மார்க்கும் கையில் இருக்கும். அந்த ஒரு வருடத்தில் வேறு கல்லூரியில் பட்டப்படிப்பில் சேர்ந்துவிடக் கூடாது. சேர்ந்தால் பெரும்பாலும் இடமாற்ற மாணவராகக் கணக்கிடுவார்கள், அந்த வாசல் இன்னும் குறுகல்.

ஸ்டேட் லெவல் மெடல், ஒலிம்பியாட் எதுவும் இல்லைங்க. என்ன காட்டுவது?

காமன் ஆப்பில் பத்துச் செயல்பாடுகள் எழுத இடம் உண்டு, ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துக்குறிகள். அந்தப் பட்டியலில் ‘குடும்பப் பொறுப்பு’ என்றும் ‘சம்பள வேலை’ என்றும் தனி வகைகளே இருக்கின்றன. பலர் இதைக் கவனிப்பதில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் அம்மாவுக்குப் பதில் தம்பியைப் பார்த்துக்கொள்வதும், சாயங்காலம் மாட்டுக்குத் தீவனம் வைத்துப் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றுவதும், அப்பாவின் தறிக் கணக்கை எழுதுவதும் அங்கே எழுதத் தகுந்தவை. வாரம் எத்தனை மணி, வருடம் எத்தனை வாரம் என்று நேர்மையாகக் குறிக்க வேண்டும்.

ஆழம்தான் முக்கியம், எண்ணிக்கை அல்ல. நொய்யல் கரையில் இருக்கும் பிள்ளை ஊர்க் கிணறுகளின் உப்பளவை இரண்டு வருடம் மாதாமாதம் டிடிஎஸ் மீட்டரில் அளந்து குறித்து வைத்தால், அது லட்ச ரூபாய் கட்டிப் போகிற கோடைக்கால வகுப்பைவிட மதிப்புள்ளது. வள்ளிக்கும்மி ஆடுபவள், நூறு பேர் ஆட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அடி சொல்லித் தருபவள் என்றால் அதை எழுதட்டும், எத்தனை பேருக்கு, எத்தனை வருடமாக என்பதோடு. கோவைப் பட்டறையில் மோட்டார் காயில் சுற்றப் பழகியவன், எந்த மோட்டார் ஏன் எரிகிறது என்று குறிப்பு வைத்திருந்தால் அதுவும் சேரும்.

பிளஸ் டூ ஜூனில் திடீரென்று தொடங்கும் டிரஸ்ட், மரக்கன்று நட்டு எடுத்த போட்டோ, பணம் கட்டி வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை — இவற்றை வருடக்கணக்காக விண்ணப்பம் படித்தவர்கள் உடனே அடையாளம் காண்பார்கள். இவை இல்லாத விண்ணப்பமே மேல்.

கட்டுரை எப்படி எழுதணும்?

முக்கியக் கட்டுரை 250 முதல் 650 வார்த்தை. அதுபோக ஒவ்வொரு கல்லூரியும் தனியாகச் சில குறுங்கட்டுரைகள் கேட்கும். நம் பிள்ளைகளின் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு விதத்தில் வீணாகின்றன. ஒன்று, மேடைப் பேச்சுப் போட்டிக்கு எழுதியது போலப் பொன்மொழியும் அப்துல் கலாமுமாக இருக்கும். இன்னொன்று, அப்பா பட்ட கஷ்டத்தை முழுக்கச் சொல்லிப் பிள்ளையைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. படிப்பவருக்குத் தெரிய வேண்டியது பதினேழு வயதுப் பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பது. முதலில் தமிழிலேயே, பேசுகிற மாதிரி, நாலு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதில் உண்மையான பகுதி எது என்று பார்த்து, அதை மட்டும் ஆங்கிலத்தில் புதிதாக எழுதட்டும். எளிய ஆங்கிலம் போதும். இலக்கணத்தை ஆசிரியர் பார்க்கலாம், வாக்கியங்களை வேறு யாரோ எழுதக் கூடாது.

ஆசிரியர் கடிதம் யாரிடம் வாங்குவது? பள்ளியில் மாணவருக்கு வழிகாட்டும் கவுன்சிலர் என்று யாரும் இல்லையே.

தலைமையாசிரியரோ முதல்வரோ கவுன்சிலர் இடத்தில் இருக்கலாம். காமன் ஆப் பட்டியலில் பள்ளியின் பெயர் இல்லாவிட்டால் ‘பட்டியலில் இல்லை’ என்பதைத் தேர்ந்து விவரத்தை நிரப்பலாம். ஆசிரியர்கள், முதல்வர் எல்லோரும் தங்கள் கடிதத்தைத் தாங்களே ஏற்ற வேண்டும், பள்ளியின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து செய்தால் நம்பிக்கை கூடும். மாணவரே கடிதம் எழுதிக்கொடுத்துச் சார் கையெழுத்து மட்டும் போடுவது இங்கே வழக்கமாக இருக்கலாம், அங்கே அது மோசடி. கடிதத்தின் நடையும் கட்டுரையின் நடையும் ஒன்றாக இருந்தால் பிடிபடும்.

எம்ஐடி ஒரு கணித அல்லது அறிவியல் ஆசிரியரிடமிருந்தும், ஒரு மொழி அல்லது சமூக அறிவியல் பாட ஆசிரியரிடமிருந்தும் கடிதம் கேட்கிறது. பயாலஜி-மேத்ஸ் குரூப்பில் இரண்டாவது வகைக்குத் தமிழ் ஐயாவோ ஆங்கில ஆசிரியரோதான் உண்டு. பல வருடம் பிள்ளையைப் பார்த்த தமிழ் ஆசிரியர் இருந்தால் தயங்காமல் அவரிடம் கேளுங்கள். அவர் தமிழில் எழுதி, உறவினர் அல்லாத இன்னொரு ஆசிரியர் மொழிபெயர்த்து, இரண்டையும் சேர்த்து அனுப்பலாம். ‘ஒழுக்கமான, கடின உழைப்பாளியான மாணவர்’ என்று மட்டும் எழுதிய கடிதத்தால் பயனில்லை. வகுப்பில் என்ன கேள்வி கேட்டார், எந்தக் கணக்கை வேறு வழியில் போட்டார் என்று எழுதச் சொல்லுங்கள்.

முதல்வர் இணைக்கும் பள்ளி விவரத்தாளில் எந்தப் பாடத்திட்டம், எந்த மீடியம், பிளஸ் டூ ஆறு பாடம் 600 மார்க், செய்முறை உள்ள பாடத்தில் 70 எழுத்துத் தேர்வு, 20 செய்முறை, 10 அகமதிப்பீடு என்பதெல்லாம் இருக்க வேண்டும். மார்க்கை அமெரிக்க முறைச் சராசரிப் புள்ளியான ஜிபிஏவாக மாற்றாதீர்கள், உள்ளபடியே அனுப்புங்கள்.

கோவையில் ஒரு கன்சல்டன்சி, ‘ஹார்வர்டோடு டை-அப்’ என்கிறார்கள்.

ஹார்வர்ட், யேல், எம்ஐடி எவற்றுக்கும் மாணவர் பிடிக்கும் ஏஜென்ட் கிடையாது. அப்படிச் சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். காலண்டர் போட்டுக் காகிதங்களை ஒழுங்குபடுத்தித் தருபவர் என்றால் அந்த வேலைக்கு உண்டான கூலி கொடுக்கலாம். கட்டுரை எழுதித் தருகிறேன், சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எல்லாம் தன் சொந்த உழைப்பு, உண்மை என்று பிள்ளைதான் கையெழுத்திடுகிறது. பொய் என்று பின்னால் தெரிந்தால் இடம் போகும், படிப்பு நடுவில் இருந்தாலும் போகும்.

வருடம் 80,000 டாலருக்கு மேல் என்கிறார்களே. தோட்டத்தை விற்றாலும் கட்டாதுங்க.

இந்தப் பயத்திலேயே நின்றுவிடும் குடும்பங்கள்தான் அதிகம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மவுத், ஆம்ஹர்ஸ்ட், பௌடின் ஆகியவை வெளிநாட்டு மாணவர் உதவித்தொகை கேட்கிறாரா என்பதைப் பார்க்காமலே இடம் தருகின்றன. 2025-இல் சேர்ந்த வகுப்பிலிருந்து பிரவுனும் அப்படித்தான். இடம் கிடைத்தால் குடும்பத்தால் முடியாத தொகை முழுவதையும் தருகின்றன. 2025-26 முதல் ஹார்வர்டில், ஆண்டு வருமானம் 1,00,000 டாலருக்குக் கீழே, வழக்கமான அளவு சொத்து உள்ள குடும்பத்துப் பிள்ளைக்குப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாமே இலவசம். நம் ஊர் வருமானத்தை டாலரில் மாற்றிப் பாருங்கள்.

ஸ்டான்ஃபோர்ட், கொலம்பியா, கார்னெல் போன்றவையும் உதவி தருகின்றன, ஆனால் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்பது அங்கே முடிவைப் பாதிக்கும். அதற்காக ‘உதவி வேண்டாம்’ என்று குறித்துவிட்டு உள்ளே போன பிறகு கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்டான்ஃபோர்ட் உட்படப் பல இடங்களில் அப்படி வந்த வெளிநாட்டு மாணவர் பிறகு கேட்க முடியாது.

வருமானத்துக்கு என்ன காகிதம் காட்டுவது?

நல்ல விண்ணப்பங்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன, கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலான கல்லூரிகள் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவத்தைக் கேட்கும். அதோடு ஐடி ரிட்டர்ன், சம்பளச் சீட்டு, தொழில் இருந்தால் லாப நட்டக் கணக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் போகும். தமிழில் உள்ள எதற்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும்.

விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லாததால் பலர் ரிட்டர்னே போட்டிருக்க மாட்டார்கள். அப்போது ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டும்: எத்தனை ஏக்கர், எவ்வளவு தோட்டம், எவ்வளவு மானாவாரிக் காடு, தென்னையா மஞ்சளா, போன வருடம் விற்றது எவ்வளவு, உரம், ஆள் கூலி, தண்ணிக்குப் போர் போட்ட செலவு எவ்வளவு, கையில் நின்றது எவ்வளவு. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ரசீது, பால் சொசைட்டிப் பாஸ்புக், கோழிப்பண்ணை ஒப்பந்தக் கம்பெனி தந்த வளர்ப்புக் கூலிச் சீட்டு எல்லாமே சான்றுதான்.

லாரியோ தறியோ வைத்திருப்பவர்களுக்கு ஆடிட்டர் உத்தேச அடிப்படையில் ரிட்டர்ன் போட்டிருப்பார். பேங்க்கில் நடமாடிய தொகையோ அதைப்போல் பத்து மடங்கு இருக்கும். டர்ன்ஓவர் வேறு, லாபம் வேறு என்பதை டீசல், டயர், டிரைவர் பேட்டா, ஃபைனான்ஸ் தவணை என்று பிரித்து எழுதாவிட்டால், உங்களைப் பணக்காரர் என்றே எண்ணிக்கொள்வார்கள்.

நிலம் அடுத்த சிக்கல். கோவை பைபாஸ் ஓரத்து இரண்டு ஏக்கர் கோடிக்கணக்கில் போகும், வருமானமோ சோளத்தட்டு விற்ற காசுதான். அப்பாரு (தாத்தா) பேரில் இருக்கும் பூமி பெற்றோரின் சொத்து ஆகாது. ஆனால் அதிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ளும் வருமானம் கணக்கில் வரும். கூட்டுப் பட்டாவில் பங்கு பிரிக்காமல் இருந்தால் எத்தனை பங்காளிகள், உங்கள் பாகம் எவ்வளவு என்று எழுதிப் பட்டா, சிட்டா நகலை மொழிபெயர்ப்போடு வையுங்கள். மறைக்க வேண்டாம், விளக்குங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஏதோ ஓர் உதவித்தொகைக்காகக் குறைத்துப் போட்டு வாங்கிய தாசில்தார் வருமானச் சான்றிதழும், வீட்டுக் கடனுக்காகக் கூட்டிப் போட்ட ரிட்டர்னும் ஒரே கவரில் போனால் இரண்டையும் நம்ப மாட்டார்கள். உண்மையான கணக்கை முதலில் ஒரு தாளில் எழுதி, அதற்கு ஒத்த காகிதங்களை மட்டும் தேடுங்கள்.

விண்ணப்பக் கட்டணம்?

கல்லூரிக்குக் கல்லூரி மாறும், பெரும்பாலும் 75 முதல் 100 டாலருக்குள். முடியாதவர்கள் காமன் ஆப்பிலேயே விலக்குக் கேட்கலாம். விலக்குக் கேட்பதால் வாய்ப்பு குறையாது. பணம் கட்டுபவர்கள் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே திறந்து வையுங்கள், கடைசி நாள் இரவில் கார்டு மறுப்பது வாடிக்கை.

கம்யூனிட்டி சர்டிபிகேட், முதல் பட்டதாரிச் சான்று கேட்பார்களா?

இல்லை. பெற்றோரின் படிப்பை விண்ணப்பத்தில் கேட்பார்கள், உள்ளபடி எழுதினால் போதும். இங்கே அக்கா பட்டதாரி என்றால் முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது. அங்கே பார்ப்பது அப்பா அம்மாவின் படிப்பை மட்டும், அதனால் தம்பியும் முதல் தலைமுறை மாணவனாகவே எண்ணப்படுவான்.

எம்பிபிஎஸ் இருக்கா?

பிளஸ் டூ முடித்து நேரே மருத்துவம் அங்கே இல்லை. நான்காண்டுப் பட்டம் முடித்து, அப்புறம் நான்காண்டு மருத்துவக் கல்லூரி. அதில் வெளிநாட்டு மாணவருக்கு இடமும் உதவியும் மிகக் குறைவு. டாக்டர் ஆவதுதான் ஒரே குறிக்கோள் என்றால் நீட் எழுதுவதே சரி.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப வீட்டில் பயப்படுகிறார்கள்.

ஹார்வர்ட், யேல், எம்ஐடி போன்றவற்றில் முதல் வருடம் எல்லோரும் வளாக விடுதியில்தான் தங்க வேண்டும். சைவச் சாப்பாடு கிடைக்கும். விடுதி முறையை விளக்கும் பக்கங்களைத் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பாருங்கள்.

இன்டர்வியூ உண்டா?

சில கல்லூரிகளில், எல்லோருக்கும் இல்லை. பழைய மாணவர் ஒருவர் பெரும்பாலும் வீடியோவில் பேசுவார். அழைப்பு வராததால் நஷ்டமில்லை. ஆங்கிலம் தடுமாறினால் நிதானமாகப் பேசட்டும், ஒப்பித்த பதிலைவிட அது மேல்.

எங்குமே கிடைக்கவில்லை என்றால்?

பெரும்பாலோருக்கு அதுதான் நடக்கும், அதைப் பிள்ளைக்கு ஆகஸ்டிலேயே சொல்லிவிடுங்கள். மார்ச் கடைசியில் முடிவு தெரிந்துவிடும், தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங் அதற்குப் பிறகுதான். கோவையின் பிஎஸ்ஜி டெக், ஜிசிடி, சிஐடி எதற்கும் கதவு மூடாது. பொதுத்தேர்வுப் படிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே இடம் கிடைத்திருந்தாலும் இறுதி மார்க் மிகவும் சரிந்தால் இடத்தைத் திரும்பப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு.

கிடைத்துவிட்டது! அடுத்து என்ன?

மே 1க்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். பல்கலைக்கழகம் ஐ-20 என்ற படிவத்தை அனுப்பும். அதை வைத்து, வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணம் கட்டி, எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்குச் சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்முகத்துக்குப் பதிய வேண்டும். ஜூன், ஜூலையில் கூட்டம் அதிகம், ஐ-20 வந்த அன்றே தேதி தேடுங்கள்.

பெயரில் கவனம் வேண்டும். மார்க் ஷீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் பின்னால், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி என்று மூன்று விதமாக இருப்பது நம் பக்கம் சாதாரணம். பாஸ்போர்ட்டில் ஒரே கட்டத்தில் பெயர் இருந்தால், அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகப் போய், முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ (முதல் பெயர் தெரியாது) என்று விழும். பிறகு அங்கே பேங்க் கணக்கு, ஓட்டுநர் உரிமம் ஒவ்வொன்றிலும் விளக்க வேண்டிவரும். ஆகவே பிளஸ் ஒன்னில் பாஸ்போர்ட் எடுக்கும்போதே அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் முழுதாகப் போடுங்கள். எஸ்ஏடி, காமன் ஆப், சிஎஸ்எஸ் எல்லாவற்றிலும் அதே எழுத்துகள் இருக்கட்டும். மார்க் ஷீட்டில் உள்ள பெயரும் இதுவும் ஒருவரே என்று முதல்வரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.